இரண்டு உடல்களுக்கு நடுவே

உறுப்பு மாற்றுச் சிகிச்சையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்களில் பெரும்பாலோர், ஓர் உடலிலிருந்து உறுப்பை எடுத்த கையின் சாதுரியத்தையும், அதை மற்றோர் உடலில் சேர்த்துத் தைத்த கையின் சாதுரியத்தையும் வியந்து எழுதியிருக்கிறார்களேயன்றி, அவ்விரண்டு காரியங்களுக்கும் நடுவே, ரத்த ஓட்டமும் பிராணவாயுவும் இழந்து, எந்த உடலையும் சேராமல் அவ்வுறுப்பு தனித்துக் கிடக்கிற சில மணி நேரத்தைப் பற்றி விஸ்தாரமாகப் பேசியவர்கள் மிகச் சிலரே. ஆயினும், சிகிச்சையின் பலாபலனில் பெரும்பகுதி நிர்ணயமாவது அந்த இடைவேளையில்தான். அப்போது அவ்வுறுப்பு உயிரோடு இருக்கிறதா, இருக்கிறதென்றால் எவ்வளவு பலத்தோடு இருக்கிறது, புதிய உடலில் சேர்ந்த பின் தன் கடமையைச் செய்யுமா என்பவற்றை அறிவதற்கு வைத்தியர்கள் பட்ட பிரயாசை, தையலின் வெற்றியைக் காட்டிலும் எனக்கு மகத்தானதாகத் தோன்றுகிறது. அதன் வரலாற்றையே இங்கே சொல்ல முற்படுகிறேன்.

1954-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 23-ஆம் தேதி, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரியில், சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டு மரணத்தறுவாயில் இருந்த ரிச்சர்ட் ஹெரிக் என்னும் இளைஞனுக்கு, அவனோடு ஒரே கருவில் உருவான இரட்டைச் சகோதரன் ரொனால்டின் சிறுநீரகம் ஒன்றை ஜோசப் மர்ரே என்ற ரண வைத்தியர் பொருத்தினார். ஹார்ட்வெல் ஹாரிசன் அதை எடுத்துக் கொடுத்தது முதல், புதிய உடலில் ரத்தம் அதனுள் பாய்ந்தது வரை கழிந்த காலம் 82 நிமிஷம். அந்த 82 நிமிஷமும் அச்சிறுநீரகத்தின் நிலையை அறிவதற்கு மர்ரேயிடம் இருந்த சாதனங்கள் அவருடைய கண்ணும் விரலுமே. ரத்தநாளங்களின் பிடியைத் தளர்த்தியதும், வெளிறித் துவண்டு கிடந்த சிறுநீரகம் நிமிஷத்தில் இளஞ்சிவப்பாகிப் புடைத்தெழுந்தது. சிறிது நேரத்தில் சிறுநீர் பெருகி வழிந்து, அறையின் தரையைத் துடைக்க வேண்டியதாயிற்று. உறுப்பு பிழைத்தது என்பதற்கு அதற்கு மேல் சாட்சியம் வேண்டியிருக்கவில்லை. ரிச்சர்ட் தனக்குப் பணிவிடை செய்த தாதியையே மணந்து, குழந்தைகளைப் பெற்று, மேலும் எட்டு வருஷம் வாழ்ந்தான்.

அந்த வெற்றிக்கு இரண்டு அனுகூலங்கள் இருந்தன. சகோதரர் இருவரும் ஒரே வித்தின் இரு கிளைகளாதலால், ரிச்சர்டின் உடல் அந்தச் சிறுநீரகத்தை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்க்கவில்லை. கொடுத்தவனும் பெற்றவனும் அடுத்தடுத்த அறைகளில் படுத்திருந்தமையால், உறுப்பு வழியில் காத்துக் கிடக்கவும் நேரவில்லை. ஆனால் இறந்தவர்களுடைய உறுப்புகளை எடுத்து, எங்கோ ஒரு தூரத்து நகரத்தில் இருக்கும் நோயாளிக்குப் பொருத்தத் தொடங்கிய காலத்தில் இவ்விரண்டு அனுகூலங்களும் ஒருங்கே மறைந்தன. பிரயாணத்தில் உறுப்பைக் காப்பது எப்படி, அதன் நலத்தைத் தெரிந்துகொள்வது எப்படி என்னும் கேள்விகள் அப்போதுதான் ஆஸ்பத்திரியின் அன்றாடக் கவலைகளாயின.

ஆராய்ச்சிக் கூடங்களிலோ அக்கேள்விகள் மிகப் பழையவை. நெப்போலியன் காலத்துப் பாரிஸில், முயல்களை வைத்துப் பரிசோதனைகள் செய்துவந்த லே காலுவா என்ற சரீர சாஸ்திரி, தூய ரத்தத்தை இடைவிடாமல் செலுத்திக்கொண்டிருக்க முடியுமானால் உடலின் எந்தப் பகுதியையும் தனியே உயிரோடு வைத்திருக்கலாம் என்று 1812-ஆம் வருஷத்திலேயே எழுதினார். எண்ணம் அவருடையது, அதை மெய்ப்பிக்கக் கருவி இல்லை. எழுபது வருஷத்துக்குப் பின் லண்டன் நகரில் சிட்னி ரிங்கர், தவளையின் இருதயத்தை வெறும் உப்பு நீரில் துடிக்க வைக்க முயன்றபோது, ஒரு சமயம் அது வழக்கத்துக்கு மாறாக நெடுநேரம் துடிப்பதைக் கண்டு காரணம் தேடினார். அவருடைய உதவியாளர், காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாகக் குழாய் நீரில் உப்பைக் கரைத்திருந்தார் என்பதும், அந்த நீரில் கலந்திருந்த கால்சியமே இருதயத்தை இயக்கிற்று என்பதும் தெரியவந்தன. இன்றைக்கு எல்லா ஆஸ்பத்திரிகளிலும் நரம்பு வழியே செலுத்தப்படுகிற ரிங்கர் திரவங்களின் பூர்வோத்தரம் அதுவே.

1895-இல் ஜெர்மனியில் ராஸ்டாக் நகரத்து ஆஸ்கர் லாங்கன்டார்ஃப் இன்னும் ஒரு படி மேலே சென்றார். பூனையின் இருதயத்தை எடுத்து, அதன் மகாதமனியில் ஒரு குழாயைக் கட்டி, இயற்கையின் திசைக்கு எதிராக ரத்தத்தைச் செலுத்தினார். வால்வு மூடிக்கொள்ள, ரத்தம் வேறு போக்கின்றி இருதயத் தசைக்கு ஊட்டமளிக்கும் நாளங்களில் புகுந்தது. எவ்வுடலையும் சாராத அந்த இருதயம் மேஜைமேல் மணிக்கணக்காகத் துடித்தது. துடிப்பின் பலத்தை, லுட்விக் என்பவர் 1847-இல் கண்டுபிடித்திருந்த சுழலும் உருளையில் ஓர் ஊசி கோடாக வரைந்து காட்டிற்று. வேலை செய்யவிட்டு, அந்த வேலையை அளந்து, அதிலிருந்து உறுப்பின் ஆரோக்கியத்தைத் தெரிந்துகொள்வது என்னும் முறையின் ஆரம்பத்தை நான் இந்த இடத்தில் வைப்பேன். பின்வந்த வைத்தியர்கள் இதை மறந்து, நூறு வருஷம் சுற்றி அலைந்து, மறுபடி இங்கேயே வந்து சேர்ந்தார்கள்.

சுற்றி அலைந்த அந்த வழியில் முதலில் எதிர்ப்படுகிறவர் அலெக்ஸிஸ் காரல். 1894-இல் பிரெஞ்சு ஜனாதிபதி சாடி கார்னோ, லியான் நகரத்தில் ஒரு கொலைஞனுடைய கத்தியால் கல்லீரலுக்குச் செல்லும் பெருஞ்சிரை அறுபட்டு இறந்தபோது, அறுபட்ட நாளத்தைத் தைக்கத் தெரிந்தவர் எவரும் இல்லையே என்ற வருத்தம் அந்நகரத்து வைத்திய மாணவராகிய காரலின் உள்ளத்தில் ஆழமாகத் தைத்தது. அவர் லியானில் பூவேலை செய்யும் ஒரு பெண்மணியிடம் சென்று, மிக நுண்ணிய ஊசியையும் பட்டு நூலையும் கையாளக் கற்றார். நாளத்தின் வட்டமான வாயை மூன்று இடங்களில் நூலிட்டு இழுத்து முக்கோணமாக்கி, ஒவ்வொரு பக்கத்தையும் நேர்கோடாகத் தைத்துவிடும் உபாயத்தை 1902-இல் வெளியிட்டார். அமெரிக்காவுக்குச் சென்று ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, நாய்களில் சிறுநீரகத்தை இடம் மாற்றிப் பொருத்திய அவர், அதே நாய்க்குத் திருப்பிப் பொருத்தினால் அது நிலைக்கிறது, வேறு நாய்க்குப் பொருத்தினால் தையல் எவ்வளவு செம்மையாக இருந்தாலும் சில நாளில் கெடுகிறது என்பதையும் பார்த்தார். 1912-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தனியே பறந்து கடந்து உலகப் புகழ் பெற்ற சார்லஸ் லிண்ட்பெர்க், 1930-இல் காரலைத் தேடி வந்தார். அவருடைய மைத்துனிக்கு இருதய வால்வில் நோய். இருதயத்தை நிறுத்தி வைத்து அதைச் செப்பனிடுவது ஏன் கூடாது, அதுவரை ஒரு யந்திரம் ரத்தத்தை ஓட்டக் கூடாதா என்று அவர் கேட்ட கேள்விக்கு மற்ற வைத்தியர்கள் விடை சொல்லவில்லை. காரலின் கூடத்தில், உறுப்புகளைத் தனியே வளர்க்கச் செய்யப்பட்ட யந்திரங்கள் யாவும் கிருமி புகுந்து பாழாவதைக் கண்ட அந்த விமானி, தாமே ஒன்று செய்து தருவதாக ஏற்று, ஐந்து வருஷம் உழைத்தார். கண்ணாடி ஊதுவதில் தேர்ந்த ஆட்டோ ஹாப் என்னும் கைவினைஞர் அதை உருவாக்கிக் கொடுத்தார்.

அந்த யந்திரத்தைச் சிறிது நெருங்கிப் பார்ப்போம். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கண்ணாடி அறைகள். மேலறையின் சரிந்த தரையில் உறுப்பு கிடக்கும். அதன் தமனி ஒரு கண்ணாடிக் குழாயின் நுனியில் கட்டப்பட்டிருக்கும். கீழறையில் உள்ள ஊட்டத் திரவத்தை, வெளியிலிருந்து விட்டுவிட்டு வரும் வாயுவின் அழுத்தம் நாடித் துடிப்பைப் போலவே மேலே தள்ளும். உறுப்பின் ஊடே சென்ற திரவம் மறுபடி கீழே வடியும். உள்ளே புகும் காற்று பஞ்சில் வடிகட்டப்பட்டது. கிருமி நுழைய வழியில்லை. 1935 ஏப்ரல் 5-ஆம் தேதி ஒரு பூனையின் தைராய்டுச் சுரப்பியை அதில் வைத்தார்கள். பதினெட்டு நாள் கழிந்த பின்பும் அதன் தமனி துடித்துக்கொண்டிருந்தது கண்ணாடி வழியே தெரிந்தது. துணுக்கெடுத்து வளர்ப்புத் திரவத்தில் இட்டபோது புதிய உயிரணுக்கள் முளைத்தன. சிறுநீரகம், சூலகம், இருதயம் என்று பலவற்றையும் அதில் வைத்துப் பார்த்து, 1938-இல் இருவரும் சேர்ந்து ஒரு நூலும் எழுதினார்கள்.

ஆனால் அந்தத் திரவத்தில் ரத்தச் சிவப்பணுக்கள் இல்லாதபடியால், பெரிய உறுப்பு ஒன்று உழைப்பதற்குப் போதிய பிராணவாயு அதில் கரைந்திருக்கவில்லை. அவ்வுறுப்புகள் சாகாமல் இருந்தன. தம் கடமையைச் செய்தன என்று சொல்ல முடியாது. காரலைப் பற்றிய இன்னொரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது: மனிதரில் மேலோர் கீழோர் என்று பிரித்துக் கீழோரை ஒழிக்கலாம் என்னும் கொடிய கொள்கையை அவர் பகிரங்கமாக எழுதினார், பிரான்ஸில் ஜெர்மானியருக்குப் பணிந்திருந்த விஷி அரசாங்கத்தின் ஆதரவில் ஒரு நிலையமும் நடத்தினார். அவர் தைத்துக் காட்டிய தையலால் பிழைத்தவர்களில், அவர் தாழ்ந்தோர் என்று ஒதுக்கியிருக்கக் கூடிய எத்தனையோ லட்சம் பேர் அடங்குவர்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் வைத்திய உலகம் கண்ணாடி அறைகளை விட்டுக் குளிர்ச்சியின் பக்கம் திரும்பியது. உஷ்ணம் பத்து டிகிரி குறையும்தோறும் உயிரணுவின் தேவை பாதியாகவோ அதனினும் கீழாகவோ குறைகிறது. நான்கு டிகிரியில் வைத்த உறுப்புக்கு, உடலின் வெப்பத்தில் வேண்டியதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தியே போதும். ஆயினும் அந்தப் பத்தில் ஒரு பங்கும் கிடைக்காதபோது, உயிரணுவின் சேமிப்பு மெல்லக் கரைகிறது. சோடியமும் நீரும் உள்ளே புகுந்து அணு வீங்குகிறது. 1969-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஜெஃப்ரி காலின்ஸ், டெரஸாகி என்பவருடைய ஆராய்ச்சிக் கூடத்தில், உயிரணுவின் உட்புறத்தைப் போலவே பொட்டாசியம் மிகுந்த ஒரு திரவத்தை உண்டாக்கி, நாயின் சிறுநீரகத்தை அதனால் கழுவிப் பனிக்கட்டியில் 30 மணி நேரம் வைத்துக் காப்பாற்றிக் காட்டினார்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பே, ஸான் ஃபிரான்சிஸ்கோவில் ஃபோல்கர்ட் பெல்ஸர் வேறொரு வழியில் மூன்று நாள்வரை சென்றிருந்தார். ஜாவாவில் பிறந்த டச்சுக்காரராகிய அவர், குளிர்ந்த ரத்தநீரைச் சிறுநீரகத்தின் ஊடே யந்திரத்தால் ஓட்டிப் பார்த்தபோது, சில மணி நேரத்தில் திரவம் செல்ல மறுத்து அழுத்தம் ஏறிற்று. பிறர் சிறுநீரகம் இறந்ததாக எண்ணிக் கைவிட்டிருப்பர், பெல்ஸரோ, குளிரில் ரத்தநீரிலிருந்து பிரிந்து திரிந்த கொழுப்புப் பொருள்களே நுண்ணிய நாளங்களை அடைக்கின்றன என்று கண்டு, ரத்தநீரை முதலிலேயே உறையவைத்து இளக்கி வடிகட்டினார், அடைப்பு நீங்கியது. 1968-இல் மனிதச் சிறுநீரகம் ஒன்றை 17 மணி நேரம் அவ்வாறு வைத்திருந்து பொருத்தி வெற்றியும் கண்டார். ஒரே அழுத்தத்தில் எவ்வளவு திரவம் ஓடுகிறது என்பதைக் கொண்டு நாளங்களின் நிலையை ஊகிக்க வழி ஏற்பட்டது. பிரயாணத்திலேயே ஓர் உறுப்பின் நலத்தை எண்களால் அளந்தது, எனக்குத் தெரிந்தவரையில், இதுவே முதல் முறை.

பெல்ஸரின் யந்திரம் பெரியது. லாரியில் ஏற்றிச் செல்ல வேண்டும். அருகிலேயே ஒருவர் விழித்திருக்க வேண்டும். காலின்ஸ் திரவத்துக்கோ ஒரு ஜாடியும் பனிக்கட்டிப் பெட்டியும் போதும். விமானத்தில் எவரும் கையில் கொண்டுபோகலாம். உலகம் எளிதானதைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை. பெல்ஸரே பின்னர் விஸ்கான்ஸின் சர்வகலாசாலைக்குச் சென்று, ஜேம்ஸ் ஸதர்டுடன் சேர்ந்து 1987-இல் வெளிக்கொணர்ந்த குளிர்த் திரவம், கல்லீரலை வைத்திருக்கும் காலத்தை எட்டு மணி நேரத்திலிருந்து ஏறக்குறைய ஒரு நாளாக நீட்டிற்று. அதுவரை நள்ளிரவில் அவசரமாக நடந்துவந்த கல்லீரல் சிகிச்சை, பகலில் திட்டமிட்டுச் செய்யும் காரியமாயிற்று.

இவ்வளவு நன்மை செய்த பனிக்கட்டி, ஒன்றை மட்டும் பறித்துக்கொண்டது. குளிரில் உறங்கும் உறுப்பு தன்னைப் பற்றி எதையும் தெரிவிப்பதில்லை. நல்ல கல்லீரலும் கெட்ட கல்லீரலும் நான்கு டிகிரியில் ஒரே மாதிரி வெளிறி, ஒரே மாதிரி அசைவற்றுக் கிடக்கும். பித்தநீர் சுரக்காது, சர்க்கரையைக் கையாளாது. கொழுப்பு மிகுந்ததா என்று வைத்தியர் கண்ணால் பார்த்தும், ஓரம் கூர்மையா மழுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவியும், கொடுத்தவருடைய வயதைக் கேட்டும் முடிவு செய்ய வேண்டும். தவறாக ஏற்றால் நோயாளி இறப்பான். தவறாகத் தள்ளினால், அது கிடைக்காமல் வேறொருவன் இறப்பான். இந்த இரண்டாவது தவற்றுக்குக் கணக்கெழுதுவார் இல்லை.

உறுப்பைப் பொருத்திய பின்னும் இருள் முற்றிலும் விலகிவிடவில்லை. 1967 டிசம்பர் 3-ஆம் தேதி, தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் நகரத்து க்ரூட் ஸ்கூர் ஆஸ்பத்திரியில், மளிகை வியாபாரியான லூயி வாஷ்கான்ஸ்கிக்கு, மோட்டார் விபத்தில் இறந்த ஓர் இளம்பெண்ணின் இருதயத்தைக் கிறிஸ்டியன் பார்னார்டு பொருத்தினார் என்ற செய்தியை உலகமே பிரமித்துக் கேட்டது. சில நாள் சென்று நோயாளியின் சுவாசப்பையின் எக்ஸ்ரே படத்தில் நிழல்கள் தெரிந்தன. உடல் புதிய இருதயத்தை எதிர்ப்பதன் அடையாளமா அது, அல்லது கிருமியால் வந்த நிமோனியாவா? முதலாவதாயின், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும். இரண்டாவதாயின், அதே மருந்தைக் குறைக்க வேண்டும். இருதயத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று நேராகப் பார்க்க அன்று வழியில்லை. எதிர்ப்பே என்று கருதி மருந்தைக் கூட்டினார்கள். அது நிமோனியாவாக இருந்தது. பதினெட்டாம் நாள் வாஷ்கான்ஸ்கி இறந்தார். அந்தப் பெண்ணின் இருதயம் கடைசிவரை நன்றாகவே இயங்கிற்று. கைத்திறனில் குறைவில்லாத ஒரு சிகிச்சை, பார்வையின் குறைவால் தோற்றதற்கு இதைவிடத் துயரமான திருஷ்டாந்தம் இச்சரித்திரத்தில் இல்லை.

அடுத்த ஒரு வருஷத்தில் உலகெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட இருதய மாற்றங்கள் நடந்து, பெரும்பாலான நோயாளிகள் இறக்கவே, பலர் அதைக் கைவிட்டனர். கைவிடாதவர் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையின் நார்மன் ஷம்வே. மின்அலைப் பதிவில் அலையின் உயரம் குறைவதை எதிர்ப்பின் குறியாகக் கொண்டு அவருடைய குழுவினர் காவல் புரிந்தனர். ஆனால் அக்குறி தெரியும்போது தீங்கு முற்றிவிட்டிருக்கும். அங்கே வந்துசேர்ந்த ஃபிலிப் கேவ்ஸ் என்ற இளம் ரண வைத்தியர், ஜப்பானில் கொன்னோவும் ஸக்காக்கிபாராவும் 1962-இல் செய்திருந்த ஒரு கருவியைத் திருத்தியமைத்து, கழுத்துச் சிரையின் வழியே இருதயத்தின் வலது அறைக்குள் செலுத்தி, குண்டூசித் தலையளவு தசைத் துணுக்குகளைக் கிள்ளியெடுக்கும் முறையை 1973-இல் வெளியிட்டார். நோயாளி விழித்திருக்கும்போதே செய்யக் கூடியது அது. ஆப்பிரிக்காவில் பிறந்த மார்கரெட் பில்லிங்ஹாம் என்னும் அம்மையார், அத்துணுக்குகளை மைக்ராஸ்கோப்பில் வைத்து, வெள்ளணுக்கள் எவ்வளவு புகுந்திருக்கின்றன, தசையணுக்கள் எவ்வளவு சிதைந்திருக்கின்றன என்பதைக் கொண்டு எதிர்ப்புக்குப் படிகள் வகுத்துக் கொடுத்தார். மின்பதிவில் சலனமே தோன்றாத காலத்திலும் எதிர்ப்பைக் கண்டுபிடிக்க முடிந்தது. இருதய மாற்றுச் சிகிச்சை மீண்டும் தலையெடுத்ததற்கு மருந்து எவ்வளவு காரணமோ, அவ்வளவு இந்தக் குண்டூசித் தலையளவுத் துணுக்கும் காரணம்.

சிறுநீரகத்தில் காவல் வேறு விதமானது. நம் நாட்டில் 1971-இல் முதன்முதலாகச் சிறுநீரக மாற்றம் வெற்றி பெற்ற வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியிலும் சரி, உலகின் மற்ற ஆஸ்பத்திரிகளிலும் சரி, மணிக்கு மணி வடிந்த சிறுநீரைத் தாதி அளவு ஜாடியில் பார்த்துக் குறித்து, அதற்கு ஈடான திரவத்தை அடுத்த மணி நேரத்தில் சிரை வழியே செலுத்துவதும், ரத்தத்தில் கிரியாட்டினின் என்னும் கழிவுப் பொருள் ஏறுகிறதா இறங்குகிறதா என்று நாள்தோறும் பார்ப்பதுமே காவலின் சாரம். நார்வே தேசத்து மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து ஸாண்டோஸ் கம்பெனியார் எடுத்த சைக்ளோஸ்போரின், 1978-இல் கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் கையில் பேருபகாரம் செய்தபோது, ஒரு புதிய சங்கடமும் கூடவே வந்தது: எதிர்ப்பைத் தடுக்கிற அதே மருந்து சிறுநீரகத்துக்கு நஞ்சாகவும் இருந்தபடியால், கிரியாட்டினின் ஏறினால் மருந்து போதவில்லையா, அதிகமாகிவிட்டதா என்று சொல்ல முடியாது. அங்கும் துணுக்கெடுத்துப் பார்ப்பதே தீர்ப்பாயிற்று. 1998-இல் ஹாங்காங்கில் டென்னிஸ் லோவும் அவருடைய கூட்டாளிகளும், ஆணின் உறுப்பைப் பெற்ற பெண்களின் ரத்தத்தில் ஆணுக்குரிய டிஎன்ஏ துணுக்குகள் மிதப்பதைக் கண்டார்கள். உறுப்பின் அணுக்கள் சிதையச் சிதைய அத்துணுக்குகள் பெருகும் என்ற அடிப்படையில், கத்தியின்றி ஒரு துளி ரத்தத்தாலேயே காவல் புரியும் முறை இப்போது பரவி வருகிறது.

இதற்குள் குளிர்ச்சியைப் பற்றிய ஐயமும் வளர்ந்துவிட்டது. 2000-ஆம் வருஷத்தில் ஸ்வீடனில் லுண்ட் நகரத்து ஸ்டிக் ஸ்டீன், மாரடைப்பால் இறந்த ஒருவருடைய சுவாசப்பையை வெளியே எடுத்து, உடலின் உஷ்ணத்துக்குக் கொண்டுவந்து, திரவத்தை ஓட்டிக் காற்றை ஊதி, அது பிராணவாயுவை எவ்வளவு ஏற்கிறது என்று அளந்த பின்னரே மற்றொருவருக்குப் பொருத்தினார். டொரான்டோவில் ஷாஃப் கேஷவ்ஜியும் மார்செலோ சைபெலும் அம்முறையை விரிவாக்கி, சந்தேகத்துக்குரிய 23 சுவாசப்பைகளை நான்கு மணி நேரம் வெப்பத்தில் இயக்கிப் பார்த்து, அவற்றில் 20-ஐப் பொருத்தியதை 2011-இல் வெளியிட்டார்கள். அவற்றைப் பெற்றவர்கள், நல்லவை என்று முதலிலேயே ஏற்கப்பட்ட உறுப்புகளைப் பெற்றவர்களுக்குக் குறைவின்றித் தேறினர்.

கல்லீரலுக்கு இதைச் சாதித்தவர்கள், ஆக்ஸ்ஃபோர்டில் ரண வைத்தியர் பீட்டர் ஃபிரெண்டும் பொறியியல் பேராசிரியர் கான்ஸ்டான்டின் கூசியோஸும். அவர்களுடைய யந்திரத்தில் 2013 பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் முதல் கல்லீரல் வைக்கப்பட்டது. 37 டிகிரியில், சிவப்பணு நிறைந்த ரத்தம் தமனி வழியாகவும் பெருஞ்சிரை வழியாகவும் புகுகிறது. வெளிறிய மண்ணிறத்தில் இருந்த கல்லீரல் செம்பழுப்பாகி ஒளி பெறுகிறது. மெல்லிய குழாயில் பித்தநீர் சொட்டத் தொடங்குகிறது. யந்திரத்தின் முகப்பில் ஓட்டத்தின் வேகமும் அழுத்தமும் எண்களாக ஓடுகின்றன. அவ்வப்போது ஒரு துளி ரத்தத்தை எடுத்து அதில் லாக்டேட் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். பிராணவாயு இல்லாதபோது சேர்ந்த அந்த அமிலத்தை ஆரோக்கியமான கல்லீரல் தானே உண்டு தீர்த்துவிடும். தீராமல் நின்றால் கல்லீரலுக்குப் பலமில்லை. லாங்கன்டார்ஃப் ஒரு பூனையின் இருதயத்திடம் கேட்ட கேள்வியை, நூறு வருஷத்துக்குப் பின் மனிதக் கல்லீரலிடம் கேட்டார்கள்: வேலை செய்து காட்டு என்று. 2018-இல் வெளியான பரிசோதனையில், ஐரோப்பாவின் பல நகரங்களில் 220 கல்லீரல்களைப் பனிக்கட்டிக்கும் வெப்ப யந்திரத்துக்கும் பங்கிட்டுப் பார்த்ததில், யந்திரத்தில் இருந்தவற்றுக்கு நேர்ந்த சேதம் பாதியளவு. வீணாகத் தள்ளப்பட்டவையும் பாதியளவே.

இன்னும் துணிந்தவர்கள் பர்மிங்காம் வைத்தியர்கள். பிரிட்டனிலுள்ள எல்லா ஆஸ்பத்திரிகளும் உதவாது என்று ஒதுக்கிய 31 கல்லீரல்களை எடுத்து வெப்பத்தில் இயக்கி, நான்கு மணி நேரத்துக்குள் லாக்டேட் 2.5 என்னும் அளவுக்குக் கீழே இறங்குகிறதா, பித்தநீர் சுரக்கிறதா, ரத்தத்தின் அமிலநிலை சீராகிறதா என்று பார்த்தார்கள். 22 கல்லீரல்கள் அந்தப் பரீட்சையில் தேறின. அவற்றைப் பெற்ற 22 பேரும் மூன்று மாதம் கழிந்தும் உயிரோடிருந்தார்கள். பிற்பாடு அவர்களில் நால்வருக்குப் பித்தநாளங்கள் சுருங்கி, மறுபடியும் வேறு கல்லீரல் பொருத்த நேர்ந்ததையும் அவர்களே ஒளிவின்றி எழுதினார்கள். பித்தநாளத்தின் நலத்தை அறியும் அளவு இன்னும் செம்மையாக வேண்டும் என்பதற்கு அது சான்று. ஜூரிச் நகரத்தில் பியர் அலேன் கிளாவியேனின் குழுவினர், உதரவிதானத்தின் அசைவைக்கூடப் போலச் செய்யும் ஒரு யந்திரத்தில், எல்லாரும் மறுத்த ஒரு கல்லீரலை மூன்று நாள் வைத்திருந்து, கிருமிக்கு மருந்தூட்டித் தேற்றி, 2021 மே மாதம் ஒருவருக்குப் பொருத்தினார்கள். நோயுற்ற உறுப்புக்கு, அது எவ்வுடலிலும் இல்லாத வேளையில், தனியே சிகிச்சை செய்து குணப்படுத்தலாம் என்பது அன்று பிரத்தியட்சமாயிற்று.

இவ்யந்திரங்கள் விலை மிகுந்தவை. ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டிய குழாய்களுக்கும் திரவங்களுக்குமே பெருந்தொகை செலவாகிறது. இரவு முழுதும் பழகிய ஆட்கள் காத்திருக்க வேண்டும். பெல்ஸரின் லாரியைப் பனிக்கட்டிப் பெட்டி வென்றதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களே இன்றும் சொல்லப்படுகின்றன, அவற்றில் உண்மையும் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் 2008 முதல், மூளைச்சாவு அடைந்தவர்களுடைய உறுப்புகளை அரசாங்கமே முறைப்படுத்திப் பகிர்ந்தளித்து வருகிறது. ஆகவே ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தனித்தனியே இந்தச் செலவை ஏற்க வேண்டியதில்லை. சந்தேகத்துக்குரிய உறுப்புகளை எல்லா ஆஸ்பத்திரிகளிலிருந்தும் கொண்டுவந்து வெப்பத்தில் இயக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பொதுச் சோதனைச் சாலை ஒன்று, அரசாங்கச் செலவில், சென்னையில் அமைய வேண்டும். துக்கத்தின் நடுவே ஒரு குடும்பம் மனமுவந்து கொடுத்த கல்லீரலை, வேலை செய்யுமா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்காமல், கண்ணால் பார்த்த மாத்திரத்தில் தள்ளிவிடுவதை நாம் இனியும் வழக்கமாக வைத்திருக்கலாகாது.